தரையில் ஒட்டிய படுக்கையறை

"சும்மா அளக்காதே" என்று சொல்லப் போகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் சொந்த அக்காவை இதில் இழுத்திருக்க மாட்டேன். இது அவளுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. அவளுடைய வலது கை விரல் முட்டிகளில் இன்றைக்கும் தோல் கறுத்துக் கிடக்கிறது. நம்பாதவர்கள் வந்தால் காட்டச் சொல்கிறேன்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று சந்தேகம். பாலை மூன்று முறை முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பாள். மாமா ஒரு கேள்விக்கு உடனே பதில் சொன்னால், ஏன் இவ்வளவு அவசரம் என்பாள். யோசித்துச் சொன்னால், என்ன யோசனை என்பாள். அந்த மனுஷன் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாரோ என்று நாங்கள் பேசிக்கொள்வது உண்டு.

ஆனால் அவள் பக்கமும் நியாயம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டில் ஒரே அறையில் நடுவே துணி கட்டி, இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் மாமியார். இருமினால்கூட யார் என்று கேள்வி வரும். தனக்கென்று ஒரு படுக்கையறை, உள்ளேயே பாத்ரூம், துணிகளை அடுக்க ஒரு பெரிய அலமாரி. இதற்குமேல் அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அதனால்தான் அந்த மூன்றாவது மாடி வீட்டை வாங்கினார்கள். பழைய வீடு. விற்றவர் கணவரை இழந்த ஓர் அம்மாள். மெதுவாகப் பேசுவார். அக்கா சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சின்ன அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே பெரிய படுக்கையறையாக்குவது என்று முடிவானது. பழைய பாத்ரூமையும் இடித்தாகிவிட்டது. அறை வெறும் சிமெண்ட் தரையாகக் கிடந்தது. அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இது நம்ம ரூம். இன்னொரு கட்டில் இதுக்குள்ள வரக்கூடாது."

"சரி" என்றார் மாமா. உடனே சொல்லிவிட்டார். அதுதான் வினை.

அறையை வடிவமைக்க ஒரு பெண் வந்தாள். டிசைனர். வயது குறைவு, வாய் அதிகம். அவள் வேலை செய்யும் விதமே தனி. காகிதத்தில் படம் போட்டுக் காட்ட மாட்டாள். நீல நிற டேப்பை எடுத்துத் தரையிலேயே முழு அளவில் ஒட்டிவிடுவாள். இது கட்டில், இது அலமாரி, இது பாத்ரூம் சுவர், இந்த இடைவெளி பாத்ரூம் கதவு.

"பேப்பர்ல பாத்தா எல்லாரும் தலையாட்டிடுவாங்க மேடம். கட்டி முடிச்சப்புறம் என் தலைய உருட்டுவாங்க. ஒரு வாரம் இதுக்குள்ள நடந்து பாருங்க. படுத்துப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

அவளிடம் இரண்டு யோசனைகள் இருந்தன. முதலாவதில், ஜன்னல் சுவரை ஒட்டி நீளமாக அலமாரி, நடுவில் கட்டில், பாத்ரூமுக்கு நேர் வழி. இரண்டாவதில், பாத்ரூமுக்கு முன்னால் இரண்டு பக்கமும் அலமாரி, நடுவே ஒரு சந்து. இரண்டிலும் பாத்ரூம் பழைய இடத்தில்தான். கழிவுக்குழாய் அங்கேதான் இறங்குகிறது, மாற்ற முடியாது என்றாள். முதலாவதை டேப்பில் ஒட்டிவிட்டுப் போனாள்.

அன்று மாலை அக்காவும் மாமாவும் செய்தித்தாள் விரித்து டேப் கட்டிலில் படுத்துப் பார்த்தார்கள். இல்லாத அலமாரியை அக்கா திறந்து மூடினாள். இல்லாத பாத்ரூமில் நின்று மாமா பாடிக் காட்டினார். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

மறுநாள் அக்கா மட்டும் போனாள். அலமாரிக் கோடு சுவரைவிட்டு நகர்ந்திருந்தது.

முழுதாக நகரவில்லை. ஒரு முனை மட்டும் ஓரடி வெளியே வந்திருந்தது, கோணலாக. யாரோ கால் தடுக்கி டேப்பை இழுத்திருப்பார்கள் என்று நினைத்தாள். ஆனால் டேப் கிழியவில்லை. சுருக்கமும் இல்லை. உரித்து எடுத்து அழுத்தி ஒட்டியது போல இருந்தது.

அடுத்த நாள் மறுமுனையும் வெளியே வந்திருந்தது.

இப்போது அலமாரிக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவே இடம் விழுந்துவிட்டது. அக்கா கை நீட்டி அளந்து பார்த்தாள். சரியாக ஓர் ஒற்றைக் கட்டில் போடுகிற இடம். அவளுக்கு மூக்கில் வேர்த்தது. யாருடைய கட்டில் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"டேப்பை நீங்க தொட்டீங்களா?"

"நானா? நான் ஏன் தொடறேன்? எங்கம்மாவ இதுல இழுக்காத."

அம்மாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன்! அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு சாவிகளையும் வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் போய்ப் பூட்டைத் திறந்தாள். அலமாரி இன்னும் நகர்ந்திருந்தது.

மறுபடியும் ஒரு முனைதான். கனமான பீரோவை ஒரே ஆள் இழுத்தால் எப்படி வரும்? முதலில் இந்த மூலை, மூச்சு வாங்கிவிட்டு அந்த மூலை. அப்படித்தான் இருந்தது. ஆனால் இது பீரோ இல்லையே. டேப்தானே. டேப்பை நகர்த்த எதற்கு இவ்வளவு சிரமப்பட வேண்டும்?

டிசைனரை ஃபோனில் கூப்பிட்டாள்.

"நான் ஸ்கேல் வச்சு ஒட்டற ஆளு மேடம். கோணலா ஒட்டினா எனக்கே தூக்கம் வராது. நான் அந்தப் பக்கமே வரல."

இவளும் மாமாவும் கூட்டோ? மூன்றாவதாக ஒரு சாவி இருக்கிறதோ? அக்காவின் புத்தி அந்த வழியாகத்தான் ஓடியது. அலமாரி எங்கிருந்து நகர்கிறது என்பதை மட்டும் பார்த்தாள். எதை நோக்கி நகர்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை. மாமா டைல்ஸ் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று அக்கா முடிவு செய்தாள். மூன்று மணிக்கு அந்த வீட்டுக்குப் போனாள். வாசல் கதவைப் பூட்டாமல் சும்மா சாத்தி வைத்தாள். எலி தானாக வரட்டும் என்று. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிமேல் கைப்பையையும் ஃபோனையும் வைத்தாள்.

நல்ல வெயில். ஜன்னல் முழுக்க வெளிச்சம். கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

உள்ளே வருகிறவர் கண்ணில் சட்டென்று படாத மூலை பாத்ரூம்தான். கதவுக்கு விட்ட இடைவெளி வழியாக நீலக் கோட்டுக்குள் போய் நின்றுகொண்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பி, வாஷ்பேசின் எங்கே வரும், கண்ணாடி எங்கே வரும் என்று மனசுக்குள் மாட்டிப் பார்த்தாள்.

சர்ர்ர்...

முதுகுக்குப் பின்னால். டேப் உரியும் சத்தம்.

"வந்துட்டீங்களா?" என்றாள், திரும்பாமலே. குரலில் வெற்றி.

சர்ர்ர்... சர்ர்ர்ர்...

திரும்பினாள். அறையில் யாருமில்லை. வாசல் கதவு சாத்தியபடியே இருந்தது. அலமாரிக் கோட்டின் ஒரு மூலை தரையைவிட்டு எழும்பி நின்றது. காற்றில்லை. மின்விசிறியே இன்னும் மாட்டவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூலை நகர்ந்தது. கொஞ்சம் நகர்ந்து, நின்றது. மூச்சு வாங்குவது போல நின்றது.

பிறகு அடுத்த மூலை.

அவளை நோக்கி.

பாத்ரூம் கதவுக்கு விட்ட இடைவெளிக்குக் குறுக்கே வந்து படிந்தது. நீலக் கோடு நேராகிவிட்டது. எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டது.

டேப்தானே. தாண்டினால் போயிற்று. அக்கா காலைத் தூக்கி வைத்தாள்.

கால் இடித்தது.

எதிலே இடித்தது? எதிரே ஒன்றும் இல்லை. ஜன்னல் தெரிகிறது. வெயில் தெரிகிறது. வாளிமேல் ஃபோன் தெரிகிறது. கையை நீட்டினாள். மரம். ஈரத்தில் ஊறி உப்பிய மரக்கதவு. தள்ளினாள். அசையவில்லை. அதற்கு அந்தப் பக்கம் கனமாக ஏதோ நின்றது.

பக்கத்தில் தடவினாள். சுவர். இந்தப் பக்கமும் சுவர். பழைய சோப்பு வாசனை வந்தது.

தட்டினாள்.

டொக்... டொக்... டொக்...

வெறும் காற்றில் தட்டுகிறாள். சத்தம் வருகிறது.

வாளிமேல் ஃபோனில் வெளிச்சம் வந்தது. மாமாவின் பெயர். மணி அடிப்பது கேட்கவில்லை. அணைந்தது. மறுபடி வந்தது. அணைந்தது.

தட்டினாள்...

கத்தினாள்...

தட்டினாள்...

வாசல் கதவு திறந்தது. மாமா.

அறைக்குள் வந்து நின்றார். அவர் வாய் அசைவது தெரிந்தது. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. கூப்பிடுகிறார். வா என்று கை காட்டுகிறார். நாலடி தூரம். வெறும் தரை.

"வழி இல்லைங்க..."

அவருக்கு என்ன கேட்டதோ. முதலில் சிரிக்கப் போனார். அவள் கையைப் பார்த்தார். முட்டியெல்லாம் ரத்தம். சிரிப்பு போய்விட்டது.

"டேப்ப எடுங்க... அந்த டேப்ப எடுங்க..."

ஏன், எதற்கு என்று அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மண்டியிட்டு, இரண்டு கையாலும் நகத்தாலும் அந்த டேப்பைப் பிய்த்தார். பாதி பிய்க்கும்போதே அக்கா அவர்மேல் வந்து விழுந்தாள். இவ்வளவு நேரம் சாய்ந்துகொண்டிருந்த கதவு சட்டென்று இல்லாமல் போனால் எப்படி விழுவோமோ அப்படி.

அவள் நினைத்தது பத்து நிமிஷம். மாமா கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஆறேகால். மூன்றரையிலிருந்து ஃபோன் செய்துகொண்டே இருந்தாராம். எடுக்கவில்லை என்றதும் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, என்னைக் கேட்டு, கடைசியில் இங்கே ஓடி வந்திருக்கிறார்.

அன்று ராத்திரி கையில் மருந்து போட்டுவிடும்போது அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சாவியை எதற்கு வாங்கினாள், எலி என்று யாரை நினைத்தாள், எல்லாம். மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்ததாம் அவளுக்கு.

"அம்மா அங்க வரமாட்டேன்னு அப்பவே சொல்லிட்டாங்க. 'அவளும் கொஞ்ச நாள் காலை நீட்டிப் படுக்கட்டும்'னாங்க. சொன்னா நீ சந்தோஷப்பட்டுருவ. அத என்னால பாக்க முடியாதுன்னுதான் சொல்லல."

அக்கா வெகுநேரம் அழுதாள். வெட்கத்தில் அழுதாள்.

மறுநாள் காலையில் கைப்பையையும் ஃபோனையும் எடுத்து வர இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். மாமா மட்டும் உள்ளே போய் எடுத்து வந்தார். படியிறங்கும்போது இரண்டாவது மாடி அம்மா கதவைத் திறந்தார். அந்தப் பாத்ரூமுக்கு நேர் கீழே அவர் வீட்டுச் சமையலறை.

"நேத்து என்னங்க அப்படி ஒரு தட்டு? மத்தியானம் பூரா தலைவலி. வேலைக்காரங்ககிட்ட சொல்லக் கூடாதா?"

அக்காவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தட்டியது காற்றில்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார் மாமா.

"கேக்காம? முன்ன இருந்தவங்க காலத்துலயும் ஒரு தடவை இதே மாதிரி. அவர் போனாரே, அந்தச் சமயம்."

"எப்படிப் போனார்?" அக்கா கேட்டாள். நெஞ்சுவலி என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டார். சர்க்கரைக்காரர். நல்ல மனுஷன், பாவம். அந்தம்மாவுக்குத்தான் அவர்மேல ஓயாத சந்தேகம். எங்க போனே, யாரப் பாத்தேன்னு. அந்தச் சமயம் அந்தம்மா ஊர்ல இல்ல. தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாங்க. மூணாம் நாள் வந்து பாத்தா இப்படி."

"சத்தம்னீங்களே..."

"ஆமா, அந்தம்மா ஊருக்குக் கிளம்பின காலையில மேல பீரோ இழுக்கற சத்தம். திரும்பி வந்த அன்னிக்கும் அதே சத்தம். நடுவுல ரெண்டு நாளும் தட்டிக்கிட்டே இருந்தாங்க. ஏதோ மராமத்து நடக்குதுன்னு நான் நெனச்சேன். ரெண்டாம் நாள் எனக்கும் பொறுக்கல. ஒட்டடைக் கம்பெடுத்து எங்க கூரையில நாலு தட்டு தட்டினேன், நிறுத்துங்கன்னு. உடனே நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் திடீர்னு ரொம்ப வேகமா தட்ட ஆரம்பிச்சாங்க. நான் தட்டினதுக்கு பதில் சொல்ற மாதிரி. என்ன திமிர் பாருங்கன்னு டிவி சத்தத்தக் கூட்டி வச்சுக்கிட்டேன்."