பொருக்கு தானாக உதிரும்

ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவள் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்க்கிறாள். எந்தக் கறையைக் காட்டினாலும், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சரியாகிவிடும் என்பாள். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் ‘கொதிதண்ணி அக்கா’. அவள் வீட்டிலோ இரண்டு வருடங்களாக எதுவும் கொதிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவள் கணவன் ஒரு முற்பகலில் நெஞ்சு வலியென்று மருத்துவமனைக்குப் போனான். மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய தங்கைக்குத் தகவல் போனதே எல்லாம் முடிந்த பிறகுதான். அன்று முதல் நாத்தனார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருப்பது ஒரே வீடு. முன்னறை இவளுக்கு, பின்னறை அவளுக்கு, சமையலறை பொது. பேசியே ஆக வேண்டிய விஷயம் வந்தால், மொட்டை மாடியில் அண்ணன் வளர்த்த முயல்களிடம் நாத்தனார் சொல்வாள்: “சிலிண்டர் தீந்துடுச்சு, தெரியுமா?” இவளும் முயலைப் பார்த்தே, நாளைக்கு வந்துவிடும் என்பாள். மொத்தம் ஏழு முயல்கள். இரண்டு வருடத் தபால்காரர்கள்.

வெள்ளைப் பெட்டை ஓயாமல் தலையை உதறுவதை முதலில் கவனித்தவள் இவள்தான். காதுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தாள். பொருக்கு பிய்ந்து ரத்தம் வந்தது. முயல் கத்தியது. முயலுக்குக் குரல் உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். அன்று முழுவதும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

ஒரு வாரத்துக்குள் இன்னும் இரண்டுக்கு மூக்கிலும் பாதத்திலும் வெள்ளைச் செதில் படர்ந்தது. மண்ணெண்ணெய் தடவச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். இவள் பாட்டிலும் கையுமாக மாடிப்படி ஏறியபோது, நாத்தனார் வழியை மறித்து நின்றாள். அவள் வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். மயிரிழை அளவு திருகாணியையும் கை நடுங்காமல் பூட்டுவாள். கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியில் அந்தச் செதிலைப் பார்த்திருந்தாள். இந்த முறை முயலைத் தேடவில்லை, நேராக இவளைப் பார்த்தே சொன்னாள்.

“அழுக்கு இல்ல. ஏதோ ஊருது. டாக்டர்கிட்ட கொண்டு போங்க.”

மறுநாள் வெள்ளைப் பெட்டையைக் கூடையில் வைத்துக்கொண்டு, இவள் மட்டும் பஸ் ஏறினாள். கால்நடை மருத்துவர் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார். சொறி, தோலைத் துளைத்துக் குடியிருக்கும் பூச்சி. மண்ணெண்ணெயோ நாய்க்குப் போடும் மருந்தோ கூடவே கூடாது, நக்கினால் முயலே செத்துவிடும் என்றார். தோலுக்கு அடியில் ஊசி போட வேண்டும். பதினான்கு நாள் இடைவெளியில் மூன்று முறை. நன்றாக இருப்பது போலத் தெரிகிற முயலுக்கும் சேர்த்துத்தான். தான் பொருக்கைப் பிய்த்த கதையை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“இனிமே தொடாதீங்கம்மா. உள்ள பூச்சி செத்தா பொருக்கு தானா உதிரும். அவசரப்பட்டா அதுக்கு வலிதான்.”

அவள் முன்கையில் சிவந்திருந்த தடிப்பையும் அவர் கவனித்தார். முயலிடமிருந்து வந்ததுதான், முயல் குணமானால் இதுவும் அடங்கிவிடும், எதற்கும் தோல் டாக்டரைப் பாருங்கள் என்றார். பெட்டைக்கு அங்கேயே ஊசி போட்டுக் காட்டினார். மற்ற ஆறும் என்ன எடை என்று வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து ஏற்றிப் பெயர் ஒட்டித் தந்தார். எடையைச் சமையலறைத் தராசில் நிறுத்துச் சொன்னவள் நாத்தனார்தான்.

“ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் போடணும். கூட நிக்க ஆள் இருக்காங்களா?”

சற்று யோசித்துவிட்டு, “நாத்தனார் இருக்கா” என்றாள்.

ஞாயிறு காலை மாடியில் வேலை தொடங்கியது. இவள் கூண்டுப் பலகைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயப்போட்டாள். பழைய வைக்கோலை எரித்தாள். சொறி வார்டு போர்வைகளை வருடக்கணக்கில் வெளுத்தவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு துண்டில் முயலைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நாத்தனார் எதிரே உட்கார்ந்து, டாக்டர் செய்ததை இவள் சைகையில் காட்டியபடியே, பிடரித் தோலைக் கூடாரம் போல் தூக்கி ஊசியைச் செலுத்தினாள். இரண்டு முயல்கள் பேச்சில்லாமல் முடிந்தன. மூன்றாவது முயலின் தோலைத் தூக்கிய நாத்தனார் அப்படியே கையை நிறுத்திவிட்டாள்.

“அன்னைக்கு ஏன் என்னைக் கூப்பிடல?”

இவள் முயலின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“போனைக் கையிலதான் வெச்சிருந்தேன். உன்னைக் கூப்பிட்டா அவர் போகப்போறது நிஜமாயிடும்னு தோணிச்சு. பயந்துட்டேன்மா. நான் பண்ணது தப்புதான்.”

 நாத்தனார் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கையில் ஊசி இருந்ததே.

“அசையாம பிடிங்க, அண்ணி.”

‘அண்ணி’ என்ற சொல்லை இவள் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிடியைத் தளர்த்தாமல் முயலைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ஏழில் மூத்தது, அவள் கணவன் சட்டைக்குள் வைத்துத் தூக்கித் திரிந்த சாம்பல் நிற ஆண் முயல், இரண்டாவது ஊசிக்கு முன்பே இரை எடுக்காமல் கிடந்து இறந்துபோனது. இருவரும் சேர்ந்து கொல்லையில் குழி தோண்டினார்கள். சாவு வீட்டில் ஆளுக்கொரு மூலையில் நின்று அழாமல் விட்டதையெல்லாம் அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். பிறகு நாத்தனார்தான் எழுந்து போய்த் தேநீர் போட்டாள்.

மூன்றாவது ஊசிக்கு மருந்து வாங்கப் போன நாளில், வெள்ளைப் பெட்டை தலையை ஒரு உதறு உதற, காதிலிருந்து பொருக்கு மொத்தமாகக் கழன்று கூடைக்குள் விழுந்தது. உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். அவள் கைத் தடிப்பும் அதற்குள் மறைந்திருந்தது.

இப்போது அந்த வீட்டில் சண்டைக்குப் பஞ்சமில்லை. கேரட்டை அள்ளிப் போட்டு வயிற்றைக் கெடுக்கிறாள் என்று அண்ணி கத்துவாள். கொதிதண்ணி ஊற்றி ஊற்றியே பலகையை இற்றுப்போக வைத்துவிட்டாள் என்று நாத்தனார் திருப்பிக் கொடுப்பாள். ஆறு முயல்களும் காதை நிமிர்த்திக்கொண்டு, ஒரு வார்த்தையும் சுமக்க வேண்டியில்லாமல், தங்கள் பாட்டுக்குப் புல் மெல்லுகின்றன.