பட்டியில் ஆடு, திரையில் ஜீரோ

அன்று இருந்தது நான்கு பேர். பாடம் சொல்லித்தரும் சார். என்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த ஒரு தம்பி. கம்பெனியில் என் பக்கத்து பிரஸ் மெஷினில் நின்று தகடு அடிக்கும் அக்கா. ஊர் கெலமங்கலம், எனக்குத் துணைக்கு வந்தவர். அப்புறம் நான்.

ஓசூரில் ஒரு மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும். சார் போன வாரமே சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் நான் எழுதும் கேமில் புள்ளி ஓட வேண்டும். ஓடாவிட்டால் பக்கத்து அறையில் டைப்பிங் வகுப்புக்கு மாற வேண்டும்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். டைப்பிங்கில் அடுத்தவர் எழுதியதை அடிக்க வேண்டும். கம்பெனியிலும் அடுத்தவர் சொன்னதைத்தான் அடிக்கிறேன். கம்ப்யூட்டரில் நான் சொன்னது நடந்தது. அதை விடுவதாக இல்லை.

கேம் சின்னதுதான். இடம் குந்தாரப்பள்ளி ஆட்டுச் சந்தை. ஆடுகளை ஓட்டிப் பட்டிக்குள் விட வேண்டும். ஒரு ஆடு நுழைந்தால் ஒரு புள்ளி. ஐந்து நுழைந்தால் கதவு மூடிக்கொள்ளும். எத்தனை புள்ளி என்று மேலே தெரிய வேண்டும்.

ஓட்டினேன். ஒரு ஆடு உள்ளே போனது. மேலே 0. இன்னொன்று போனது. 0.

"என்னாம்மா, எல்லாம் திருட்டு ஆடா? கணக்குலயே வரலியே" என்றார் சார்.

தம்பி சிரித்தான். "அக்கா, என்னோடதப் பாத்து காப்பி பண்ணிக்கங்க. ரெண்டு நிமிஷம்."

"வேணாம் தம்பி."

"நவுரும்மா, நான் போட்டுத் தரேன்." சார் கையை நீட்டினார்.

"இல்லீங்க சார். நானே பாக்கறேன்."

"மணி பன்னெண்டாச்சு."

"ஆவட்டுங்க."

எழுந்திருக்கவில்லை. மறுபடி ஓட்டினேன். ஐந்தாவது ஆடு போனதும் கதவு மூடியது. மேலே 0. அப்போதுதான் உறைத்தது. உள்ளே எண்ணிக்கை ஏறுகிறது. ஏறாமல் கதவு எப்படி மூடும்? மேலே தெரியும் எழுத்து மட்டும் மாறாமல் நிற்கிறது.

பிரஸ்ஸில் ஒவ்வொரு அடிக்கும் எண் காட்டும் கவுண்டர் தானாக ஏறும். யாரும் தொட வேண்டாம். இதையும் அப்படி நினைத்துவிட்டேன். கேம் தொடங்கும் இடத்தில் புள்ளியைக் காட்டு என்று ஒரே ஒரு தடவை எழுதினேன். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "நம்ம லைன் போர்டு மாதிரியே இருக்குது பாரு. சூப்பர்வைசர் டீக்குப் போயிட்டா காலையில எழுதுன கணக்கே நிக்கும். நாம அடிச்சு பெட்டி நெறஞ்சாலும் போர்டுல அதே நம்பரு."

"ஆமாக்கா. போர்டு எழுத ஆள் போடணும்."

ஆடு பட்டிக்குள் நுழையும் இடத்தைத் தேடினேன். அங்கே புள்ளியோடு ஒன்றைக் கூட்டும் வரி இருந்தது. அதற்கு மேலே, எழுத்தை மாற்றச் சொல்லி ஒரு வரி போட்டேன். ஓட்டினேன். முதல் ஆடு. 0. இரண்டாவது ஆடு. 1.

"ஒரு நம்பர் பின்னாடியே வருதே" என்றார் சார். "போதும்மா. டைப்பிங்னா என்னா மட்டமா? உக்காந்த எடத்துல வேலை."

"பிரஸ்ல நின்ன எடத்துல வேலைங்க சார்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

கூட்டும் முன்பே எழுதினால் பழைய எண்தான் வரும். வரியைக் கீழே இறக்கினேன். கதவு மூடும் வரியையும் எடுத்துவிட்டேன். ஐந்தோடு நின்றால் ஏதோ தவறிப்போய் ஓடிவிட்டது என்பார்கள்.

ஓட்டினேன். 1. அடுத்த ஆடு. 2. தம்பி டிபன் பாக்ஸைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். 3 வந்தது, 4 வந்தது.

ஆறு வந்ததும் சார் சொன்னார். "சரிம்மா, ஓடுது. நிறுத்து. அடுத்த வாரமும் இங்கயே உக்காரு."

"இருங்க சார்."

சந்தையில் இன்னும் ஆடு நின்றது. கடைசி ஆடு வரைக்கும் ஓட்டினேன்.

பதினேழு.