அது அவருடைய வண்டி இல்லை

நான் விற்ற வண்டி பொய்யானது. அதைப் பொய் என்று கண்டுபிடித்துச் சொன்ன ஒரே மனிதரைப் புத்தி பேதலித்தவர் ஆக்கியதும் நான்தான்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். உங்கள் முகத்துக்காக நான் இதை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கவும் எழுதவில்லை. ‘பாவம், அவன் நிலைமை அப்படி’ என்று நீங்கள் தலையாட்டுவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தலையாட்டாமல் கேளுங்கள்.

தஞ்சாவூரில் கரந்தைக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிப் புதுப்பித்து விற்பது என் தொழில். எலி கூடு கட்டிய எஞ்சினையும் ஓட வைப்பேன். கறுப்பு டாங்கின்மேல் தங்கக் கோட்டைத் தூரிகை பிடித்து நானே இழுப்பேன், ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன். சுத்தமான வேலைக்காரன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் உங்கள் காதுக்கும் எட்டியிருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். அங்கே எனக்கு வேறு பெயர். ‘பெட்ரோலு மவன்.’

என் அப்பாவின் பெயர் சின்னையன். மிராசுதார் வீட்டுப் பண்ணையில் வேலை செய்தவர். அந்த மிராசுதாரிடம் ஒரு புல்லட் இருந்தது. சுற்று வட்டாரத்தில் அது ஒன்றுதான். வாய்க்கால் பாலத்தில் அதன் சத்தம் கேட்டாலே போதும்... வரப்பில் நடப்பவர்கள் சேற்றில் இறங்கி நின்றுகொள்வார்கள். தலையில் கட்டிய துண்டு இடுப்புக்கு வந்துவிடும். நடவு நடுகிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படிச் சேற்றில் இறங்கி நின்றிருக்கிறேன்.

தினமும் காலையில் அந்த வண்டியைத் துடைப்பது அப்பாவின் வேலை. மாட்டுக்கொட்டகையில், வைக்கோல் பரப்பிய தரையில் அது நிற்கும். ஒருநாள், டாங்கில் பெட்ரோல் குறைந்துகொண்டே போகிறது என்றார் மிராசுதார். அப்பாவின் துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாசனை அடித்தது. அவ்வளவுதான் விசாரணை! கதிரடித்துக்கொண்டிருந்த களத்தில், அத்தனை ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார்.

‘நான் எடுக்கலைங்க ஐயா’ என்பதைத் தவிர அப்பா வேறு எதுவும் சொல்லவில்லையாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாகிறவரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஊர்தான் எடுத்தது. கடையில், கோயில் வாசலில், பேருந்தில்... ‘பெட்ரோலு வந்துட்டான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும். அவர் செத்த பிறகு அந்தப் பெயர் எனக்கு வந்து சேர்ந்தது.

இதைச் சொல்வது என் குற்றத்துக்கு முட்டுக்கொடுக்க அல்ல. அப்படித்தான் நீங்கள் நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்!

இரண்டு வருடங்களுக்கு முன்னால் மிராசுதாரின் மகன் எனக்குப் போன் செய்தார். சென்னையில் பெரிய உத்தியோகம். மரியாதையான குரல், வாய்க்கு வாய் ‘சார்’. நான் யாருடைய மகன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. எப்போதோ விற்றுவிட்ட அப்பாவின் புல்லட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் புதிதாக்கித் தர வேண்டும் என்றார். பழைய நம்பரையும் கொடுத்தார். சாலையில் ஓட்டப் போவதில்லை, வீட்டில்தான் நிற்கப்போகிறது, அதனால் பேப்பர் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம்.

எதற்கு என்றும் அவரே சொன்னார். மிராசுதார் கிராமத்து வீட்டில் தனியாக இருக்கிறார். ஞாபகம் தடுமாறுகிறதோ என்று மகனுக்குச் சந்தேகம். சென்னைக்குக் கூப்பிட்டால் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார். பழைய பொருள்களைக் காட்டிப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். வண்டியை அடையாளம் கண்டுகொண்டால், ஓர் ஆளை வைத்து அந்த வீட்டிலேயே இருக்க விடலாம். இல்லையென்றால் சென்னையில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறார்.

ஆக, எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இந்த வரியை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது!

வண்டியைத் தேடிப் போனேன். வலங்கைமானில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதன் கதை முடிந்திருந்தது. எஞ்சினும் ஃபிரேமும் எப்போதோ உருக்கப் போய்விட்டன. நம்பர் பிளேட் மட்டும் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. துருப்பிடித்து நசுங்கிய அதன் டாங்க் பின்பக்கக் குவியலில் கிடக்கிறது, வேண்டுமா என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றுவிட்டு நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே போன் செய்து ‘கிடைக்கவில்லை சார்’ என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லியிருக்கலாம். ஆனால் அதே காலத்து மாடல் ஒன்று என் பட்டறையில் நின்றது. பிள்ளைப் பிராயத்தில் வெளியூர் போன மகனுக்கு எது அப்பாவின் வண்டி என்று தெரியப்போகிறதா? அந்த வீட்டை ஏமாற்றினால் பாவமே கிடையாது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்த வண்டிக்குச் செய்த மாதிரி வேறு எந்த வண்டிக்கும் நான் இழைத்து இழைத்து வேலை செய்ததில்லை.

அம்மா அப்போது மருந்து வாங்கத் தஞ்சாவூருக்கு வந்திருந்தாள். மாதாமாதம் மெடிக்கல் காலேஜில் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை பட்டறையில் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு நான் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விட்டேன். யாருக்கு என்பதையும் சொன்னேன். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

“இது அவன் வண்டி இல்லடா. அது வேற மாதிரி இருமும்.”

குனிந்து நாற்று நட்டுக்கொண்டே அந்தச் சத்தத்துக்குப் பயந்தவள். அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் வேலையைப் பார் என்று அவள் வாயை அடைத்தேன்.

வண்டியைக் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குப் போனேன். வாசலில் இறக்கி நிறுத்தினேன். வெயிலில் அப்படி ஒரு மினுமினுப்பு! மகன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். கண்ணில் புரை. அவரை ‘அவர்’ என்று எழுத எனக்கு மனம் இல்லை. ஆனால் பழகிய நாக்கு, கையையும் அப்படியே பழக்கிவிட்டது.

ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். நிறுத்தச் சொன்னார். பிறகு எழுந்து வந்து, டாங்குக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். பெட்ரோல் குழாய் இருக்கும் இடத்தில் விரல் நின்றது, முன்னும் பின்னும் தேடியது.

“இது என் வண்டி இல்ல” என்றார்.

மகனின் முகம் தொங்கிப்போயிற்று. என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க சார். இது அப்பா வண்டிதானே?”

இதோ, அந்த இடம்... இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வேண்டாம். உங்கள் பதில் எனக்குத் தேவையில்லை.

“ஐயா வண்டிதாங்க. நம்பரைப் பாருங்க” என்றேன்.

பெரியவர் என் குரல் வந்த திசையில் பார்த்தார். அருகில் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீ சின்னையன் மவன்தானே?”

நான் குனிந்து நம்பர் பிளேட்டைத் துடைத்தேன். அவரே பேசினார். தடுமாற்றமே இல்லை. நெல் விலை பேசுகிற குரல்தான்.

“என் வண்டின்னா டாங்குக்கு அடியில ஈயம் வச்சுப் பத்த வச்சிருக்கும். அங்க ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. வைக்கோல்ல விழுந்ததால தெரியல. ஒங்கப்பன் துண்டுல வாசனை வந்துச்சுன்னு அவனை அடிச்சேன். அடிச்ச மறுநாளே ஒழுகுறதைப் பாத்துட்டேன். பத்த வச்சுட்டு வாயை மூடிக்கிட்டேன். அவன் எடுக்கல.”

அவன் எடுக்கல.

இந்த இரண்டு சொல்லுக்காக என் அப்பா செத்துப்போகிறவரை காத்திருந்தார். அம்மா இன்னமும் காத்திருக்கிறாள். அது என் காதில் வந்து விழுந்தது! அந்த ஆளே, அந்த வாயாலேயே, சாட்சி வைத்துச் சொல்லிவிட்டார். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ‘ஐயா சொல்றது சரிங்க, இது அவர் வண்டி இல்ல’ என்று சொன்னால் போதும். வண்டியைப் பற்றி அவர் சொன்னது உண்மை என்றால் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் உண்மையாகிவிடும்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பா நினைச்சுக்காதீங்க சார், இப்போதெல்லாம் இப்படித்தான் எதை எதையோ சேர்த்துச் சொல்கிறார், அப்பா யாரையும் கை நீட்டினதே கிடையாது என்றார். கண் கலங்கியிருந்தது. பொய்க் கண்ணீர் அல்ல. தன் அப்பாவைப் பற்றி அவருக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பரவாயில்லைங்க. வயசானா அப்படித்தான்.”

சொன்னேன்! என் வாயால் சொன்னேன்! என் அப்பா நிரபராதி என்று வந்த ஒரே சாட்சியத்தை நானே கிழவனின் உளறல் ஆக்கினேன். எதற்கு? சுத்தமான வேலைக்காரன் என்ற பெயர் போய்விடும் என்று. அப்பாவின் பெயரா, என் பெயரா என்று வந்தபோது என் பெயரைத்தான் எடுத்துக்கொண்டேன். மிராசுதாரும் அன்றைக்கு இதையேதான் செய்தார். ஒழுகுவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பெரியவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மாதக் கடைசியில் அவரைச் சென்னை இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காரில் ஏற மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாராம். வீடு பூட்டிக் கிடக்கிறது. ஊரில் நாலு பேர் ‘செஞ்ச பாவம்’ என்றார்கள். எனக்கும் அப்படிச் சொல்லி முடித்துவிட ஆசைதான். முடியவில்லை. அவர் செய்த பாவத்துக்கு அவரை யாரும் தண்டிக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்குத்தான் தண்டித்தோம்.

வண்டியை ஒப்படைத்துவிட்டு அன்றைக்கே அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

“கெழவன் ஏதாச்சும் சொன்னானா?”

ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்குப் புத்தி போய்விட்டது என்றேன்.

“அவனுக்குத் தெரியும்டா. சாவுறதுக்குள்ள சொல்லிருவான் பாரு” என்றாள்.

இரண்டு நாள் கழித்து அந்த இரும்புக் கடைக்குப் போனேன். பின்பக்கக் குவியலில் அந்த டாங்க் அப்படியே கிடந்தது. தலைகீழாகப் புரட்டித் துருவைச் சுரண்டினேன். குழாய்க்குப் பக்கத்தில், கட்டை விரல் அகலத்துக்கு ஈயம். அவர் சொன்ன அதே இடம்.

அதைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறையில் போட்டிருக்கிறேன். பழைய சாமான் தேடி வருகிறவர்கள் விலை கேட்கிறார்கள். விற்பனைக்கு இல்லை என்று எரிந்து விழுகிறேன். மிராசுதாரின் மகன் இன்னமும் எனக்கு ஆள் அனுப்பிவைக்கிறார். என் வேலையைப் பற்றி எல்லோரிடமும் புகழ்ந்து பேசுகிறாராம். அவர் போன் வந்தால் எடுக்கிறேன், அப்பா எப்படி இருக்கார் என்று விசாரிக்கிறேன். யாரிடமும் பேசுவதில்லையாம்.

இன்றைக்குக்கூடச் சொல்லலாம்... அவர் உயிரோடுதான் இருக்கிறார். ஒரே ஒரு போன். ஏன் சொல்லவில்லை? பயமா? இருக்கலாம். அல்லது அவர் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்ற வன்மமா? அதுவும்தான். அப்பாவைவிட அந்த ஆள்மேல் இருக்கிற வெறுப்பு எனக்குப் பெரிதாகிவிட்டதா? இந்தக் கேள்விக்கு நான் பதில் தேடப்போவதில்லை. நீங்களும் தேடித் தர வேண்டாம்.

போன வாரம் அம்மா வந்திருந்தாள். மாத்திரைப் பையை எங்கே வைப்பது என்று பார்த்தாள். மூலையில் கிடந்த டாங்கை இழுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அதன்மேல் பையை வைத்தாள். அது யாருடைய டாங்க் என்று நான் அவளிடம் சொன்னதில்லை. துடைத்த தலைப்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

“வாசனையே இல்லடா” என்றாள்.

பிறகு, வழக்கம்போல, கிழவன் இன்னும் இருக்கிறானா என்று கேட்டாள். இருக்கிறான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.