மோசமான பார்சல் ஆபீஸ்

இரண்டு நாள் டிரெய்னிங் என்று ஒரே ஒரு பையோடு பெங்களூர் போன என் கணவர், அங்கிருந்தே போன் செய்து இனிமேல் திரும்பி வரப்போவதில்லை என்றார். குடும்பத்தை ஒரு போனில் முடித்துவிட்டவருக்கு, கொஞ்ச நாளில் இன்னொரு போன் செய்ய வேண்டி வந்தது. கிடாரை அனுப்பி வைக்க வேண்டுமாம். நேரில் வந்து எடுத்துக்கொள்ள முகமில்லை.

"நாலு இடத்துல விசாரிச்சு, நல்ல பார்சல் ஆபீஸாப் பார்த்து அனுப்பு. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்றார்.

தாங்க முடியாது என்று அவர் சொல்லித்தான் எனக்கு அந்த யோசனையே வந்தது.

அது ஸ்பெயினில் யாரோ ஒருவர் கையாலேயே செய்த கிடார். எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் ஏசி இருந்த ஒரே அறை அதற்குத்தான். வெயில் பட்டால் மரம் காய்ந்து வெடித்துவிடும் என்பார். ஒரு சித்திரையில் அம்மா மூச்சுத் திணறலோடு வந்து தங்கினாள். இரவெல்லாம் கதவைத் திறந்து மூடினால் குளிர்ச்சி போய்விடும் என்று அவளை ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்தார். மரம்தான் வெடிக்கும், மனுஷி வெடிக்க மாட்டாள் என்று நினைத்திருப்பார். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எல்லாம் அப்படியே உள்ளே கிடந்தது.

ஆகவே அவர் சொன்னபடியே நாலு இடத்தில் விசாரித்தேன். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று ஊரார் தேடுவார்கள். நான் எது மோசமான கொள்ளி என்று தேடினேன். எங்கள் தெருமுனை கூரியர்க்காரர் காற்றுக் குமிழ் பிளாஸ்டிக்கை மூன்று சுற்றுச் சுற்றி, இன்சூரன்ஸும் போட்டுத் தருவதாகச் சொன்னார். இவ்வளவு பொறுப்பு ஆகாது என்று வெளியே வந்துவிட்டேன். ரயில்வே ஜங்ஷனில் விசாரித்தால் மரச்சட்டம் அடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். பஸ்ஸில் பார்சல் எடுப்பவர், நொறுங்குகிற சாமான் என்றால் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே வைத்துவிடலாம் என்றார். உடைப்பதற்கு ஆள் கிடைக்காத ஊராக இருக்கிறதே என்று எனக்குச் சலிப்பாகிவிட்டது.

கடைசியில் வழி காட்டியது, என்னோடு ஸ்கூலில் வேலை பார்க்கும், எடமலைப்பட்டி புதூர் டீச்சர். வீடு மாறியபோது மன்னார்புரம் பக்கம் ஒரு லாரி ஆபீஸில் சாமான்களைப் போட்டாராம். பீரோ கண்ணாடி தூளாகவும், ஃப்ரிட்ஜ் ஒரு கால் இல்லாமலும் வந்து சேர்ந்ததாம். "அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க மிஸ்" என்றார். நான் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கிடாருக்கென்று வாங்கிய கெட்டிப் பெட்டியைப் பரணிலேயே விட்டேன். கம்பிகளைத் தளர்த்தச் சொல்லியிருந்தார், தளர்த்தவில்லை. மெல்லிய துணி உறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். வெளியே ஒரு அட்டைப்பெட்டி வேண்டும். கோபுரத்துக்குப் பக்கத்துச் சாமி படக் கடையில் கேட்டேன். எங்கள் ஊர்ப் பெருமாள் படுத்திருப்பவர், அதனால் அவர் படமும் நீளமாகத்தான் இருக்கும். நாலு படம் சேர்ந்து வந்த பெட்டி ஒன்று கிடைத்தது. கிடாருக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஓரத்தில் ஒரு செய்தித்தாளைக்கூடத் திணிக்காமல் ஒட்டி முடித்தேன்.

பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. சீக்கிரம் போங்க, பள்ளம் மேடெல்லாம் பார்க்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியும் டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோவை நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். நல்ல மனிதர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

லாரி ஆபீஸைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. 'கண்ணாடி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்த பெட்டியைச் சுமை தூக்குகிறவர் ஒருவர் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அதே ஆள் என் பெட்டியிடம் வந்தார், பார்த்தார், செருப்பைக் கழற்றினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கினார். பார்சல் போட வந்திருந்த ஒருவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். பெட்டியின் மேல் சிவப்பு மையில் பெரிய நாமம், அதன் கீழே 'பள்ளிகொண்ட பெருமாள்'. ஸ்ரீரங்கத்தில் மளிகைக் கடைப் பலகை முதல் தண்ணீர்த் தொட்டி வரை நாமம்தான். பார்த்துப் பார்த்து எங்கள் கண் அதைப் படிப்பதே இல்லை. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரான கதையாகிவிட்டது.

ரசீது போட்டுக்கொண்டிருந்த தொப்பி வைத்த பாய் உள்ளே பார்த்து, அதை அடியில் வைக்காதீர்கள் என்று குரல் கொடுத்தார். "அதுல சாமி இல்லைங்க, கிடார்தான்" என்றேன்.

"உள்ள எது இருந்தா என்னம்மா, மேல பேர் எழுதியிருக்குல்ல. அது மேல ஒரு சாமான் ஏறாது, நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றார் அவர்.

பெருமாள் சௌக்கியமாகப் படுத்தபடியே பெங்களூர் போய்ச் சேர்ந்தார். கணவர் போன் செய்தார். ஒரு கீறல் இல்லையாம், சுருதிகூட அவ்வளவாகக் கலையவில்லையாம். "இவ்வளவு நடந்தும் இப்படிப் பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்க. உன் மனசு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என் ஆத்திரத்துக்கு அன்பு என்று பெயர் வைக்கிறாரே!

"உடையணும்னுதான் அனுப்பினேன். ஊர்லயே மோசமான ஆபீஸாத் தேடிப் போய்ப் போட்டேன். நல்லாப் பாருங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஜிப் திறக்கிற சத்தம், விரலால் மரத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம். நான் லைனில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஒரு நிமிஷம் அழுகை வந்தது, மறைப்பானேன். அவர் திரும்பப் போனை எடுக்கும்வரை காத்திருந்தேன்.

"வெளியில பார்த்தா தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஏசி அறையில் இப்போது அம்மா தூங்குகிறாள். அவர் கிடாரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடை கடையாக ஏறுகிறார் என்று கேள்வி. அடிக் கம்பியில் ஏதோ அதிர்கிறதாம், கடைக்காரர்கள் யார் காதிலும் அது விழவில்லையாம். என்ன செய்தாய் என்பதை மட்டும் சொல்லிவிடு, வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நான் அதில் ஒன்றுமே செய்யவில்லை. அதை அவரிடம் சொல்வதாகவும் இல்லை.