விதை வெங்காயமும் மாலுபணிசும்

நான் ஒருவர் முன்னால் நின்று பயப்படாமல் நீளமாகப் பேசியது ஒன்பது வயதில், ஒரு ஆமிக்காரரோடு. இப்போதும் கடையில் சாமான் கேட்பதென்றால் இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். அன்றைக்கு மட்டும் எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது.

அப்போது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை. அம்மா வீட்டில் மாலுபணிஸ் சுட்டு, காலி வீதித் தேநீர்க்கடைகளுக்குக் கொடுத்தார். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து முக்கோணமாக மடித்துச் சுடும் பணிஸ் அது. மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் ஒரு தகரப் பெட்டி, அதுதான் எங்கள் ஒவன். ஒரு தடவைக்கு ஒன்பது பணிஸ் கொள்ளும்.

கோதுமை மா கப்பலில் வந்தது. அதற்கு யுத்தம் தெரியாது. உள்ளே வைக்கிற சாமான்தான் யாரோ ஒருவருடைய தோட்டத்திலிருந்து வரவேண்டும். மலைநாட்டுக் கிழங்கு வந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துச் சிவத்த வெங்காயம் நின்றுபோயிற்று. எங்கள் பணிசைப் பிய்த்துப் பார்த்தால் எந்தப் பாதை பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பார் அப்பா. இந்தியப் பெரிய வெங்காயம் தண்ணீர் விட்டுப் பணிசின் அடியை ஊறவைத்தது. கடைசியில் அம்மா முட்டைக்கோவாவை அரிந்து போட்டார்.

தேநீர்க்கடை முதலாளி ஒரு பணிசைக் கடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அம்மாகிட்ட சொல்லு, இது பணிசா, மாட்டுத் தீனியா? இன்னும் ரெண்டு கெழமை பார்ப்பேன். அப்புறம் வேற ஆள்தான்."

இத்தனைக்கும் எங்கள் குசினியில் சிவத்த வெங்காயம் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பிடி, தாளோடு சேர்த்துக் கட்டி, ஒரே ஆணியில். அது பெரியப்பாவுடையது.

பெரியப்பா வடக்கில் வெங்காயம் வைக்கிற தோட்டக்காரர். சண்டை நெருங்கி ஊர் முழுக்க எழும்பி நடந்த நாளில் மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் எடுத்துக்கொண்டு ஓட, அவர் விதை வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போனாராம். பிறகு கண் ஒப்பரேசனுக்கென்று வெளியேறப் பாஸ் எடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அதை விட்டுவிட்டு வரவில்லை. ஒப்பரேசன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். காலையில் எழும்பியதும் முகம் கழுவ முதல் ஆணியடிக்குப் போய் ஒவ்வொரு வெங்காயமாக விரலால் அமத்திப் பார்ப்பார். சிலதில் பச்சை முளை தெரியத் தொடங்கியிருந்தது.

"இன்னும் ஒரு மாசம். அதுக்குள்ள மண்ணுக்குப் போயிட வேணும்" என்பார். வெங்காயத்தைச் சொல்கிறாரா, தன்னைச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்காது.

அம்மா கேட்டுப் பார்த்தார். "பெரியத்தான், ஒரு ரெண்டு பிடி தாங்கோவன். நீங்கள் போகேக்க எங்கையெண்டாலும் தேடி வாங்கித் தாறன்."

"அது தின்னுறதுக்கில்லைப் பிள்ளை. அது அடுத்த போகம்."

அம்மாவுக்குக் கோபம் வரும். ஆனால் கணவரின் அண்ணன். கோவாவைத்தான் இன்னும் சத்தமாக அரிவார்.

பணிஸ் கொண்டுபோவது என் வேலை. வீட்டுக்குள்ளே அடைந்து கிடக்கிறார் என்று பெரியப்பாவையும் என்னோடு நடக்கச் சொன்னார் அம்மா. கூடையை அவர் தூக்குவார், நான் முன்னால் போவேன். ஒழுங்கை காலி வீதியைத் தொடுகிற இடத்தில் மண்மூட்டை அடுக்கிய இராணுவச் சென்ட்ரி இருந்தது. வழக்கமாக நிற்பவர் எங்களைக் கையால் போகச் சொல்லிவிடுவார். அன்றைக்குப் புதிதாக ஒரு இளம் ஆமிக்காரர் நின்றார். பெரியப்பாவின் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுக் காகிதத்தையும் வாங்கிப் பார்த்தார். பிறகு கூடையை மூடியிருந்த பேப்பரைத் தூக்கி, ஒரு பணிசை எடுத்து இரண்டாகப் பிய்த்து உள்ளே பார்த்தார். குண்டு இல்லை என்று தெரிந்ததும் ஒரு பாதியை வாயில் போட்டார்.

"மல்லி, லூணு நெத்த?" என்றார். தம்பி, வெங்காயம் இல்லையா என்று.

அம்மாவின் பணிசைக் குறை சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. ஒழுங்கையில் கிரிக்கெட் அடித்துப் பழகிய சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் வெங்காயம் நிறைய இருக்கிறது, இந்தப் பெரியப்பாதான் வெட்ட விடுகிறார் இல்லை, அது நடுகிறதற்காம் என்றேன். எங்கே நடப்போகிறார், காலி வீதியிலா என்று அவர் சிரித்தார். இல்லை, ஊரில் என்றேன். எந்த ஊர் என்றார். ஊரின் பெயரைச் சொன்னேன்.

அவருடைய சிரிப்பு நின்றது. பெரியப்பாவைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்வரை தான் அங்கேதான் நின்றதாகவும், தன் வீட்டிலும் வெங்காயம்தான் என்றும், தம்புள்ளைப் பக்கம் என்றும், ஆனால் அப்படிச் சிவந்த மண்ணைத் தான் கண்டதில்லை என்றும்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பெரியப்பா, இவர் உங்கட ஊரில நிண்டவராம்! இவையளும் வெங்காயக்காரராம்!"

பெரியப்பா கூடையை நிலத்தில் வைத்தார். "கோயிலடிக் கிணறு கிடக்கோ எண்டு கேளடா."

கேட்டேன். கிணறு இருக்கிறது, நல்ல தண்ணீர், நாங்கள் அதில்தான் குளித்தோம் என்றார்.

"அதுக்கு வடக்குப் பக்கம், எங்கட தோட்டக் காணி?"

ஆமிக்காரர் கையிலிருந்த மற்றப் பாதிப் பணிசைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார். அதில் ஒரு சொல் எனக்குப் புதிது. ஆனால் 'பிம' என்றால் நிலம் என்று தெரியும். போம்ப என்றால் குண்டு. இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொண்டேன்.

"அங்க மண்ணுக்குள்ள குண்டு வச்சிருக்காம், பெரியப்பா. வரிசை வரிசையா, உங்கட வெங்காயம் நட்டது மாதிரி. கனகாலத்துக்கு ஒருத்தரும் மண்வெட்டி போடேலாதாம்."

வெங்காயம் மாதிரி என்றது என்னுடைய சொந்தச் சேர்க்கை. நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டார். "சரி, பணிசு ஆறுது. நட" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலில் ஏறிப் பன்னிரண்டு பிடியையும் கழற்றி அம்மாவின் பலகையில் வைத்தார். "வெட்டிப் போடு பிள்ளை. பணிசு நல்லா வரட்டும்."

அம்மா என்னைப் பார்த்தார். "என்னடா நடந்தது?"

நடந்ததை நடித்தே காட்டினேன். என்னைப் பாராட்டுவார் என்று பார்த்தால், அம்மா வெங்காயத்தை அள்ளிக்கொண்டுபோய்த் திரும்பவும் ஆணியில் மாட்டினார். பெரியப்பா மறுபடி கழற்றினார். "வேண்டாம் பெரியத்தான், கிடக்கட்டும், சொல்லுறதைக் கேளுங்கோ" என்று அம்மா கெஞ்சினார். நேற்றுவரை கேட்டவர் இன்றைக்கு வேண்டாம் என்கிறார். நேற்றுவரை மறுத்தவர் இந்தா பிடி என்கிறார். இரண்டு பெரியவர்களுக்கும் ஒரே நாளில் என்ன பிடித்தது என்று எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் பெரியப்பாவே நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, முளைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி ஒரு பக்கம் வைத்துவிட்டு உரித்தார். அதன் பிறகு அவர் ஊருக்குப் போகிற கதையை எடுக்கவில்லை.

அடுத்த நாள் ஒழுங்கை முழுக்க வெங்காய வாசம். பெரியப்பா வரவில்லை. நான் தனியாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். சென்ட்ரியில் அதே ஆமிக்காரர். நானாகவே ஒரு பணிசை எடுத்து நீட்டினேன். "இன்றைக்கு வெங்காயம் இருக்கிறது. பெரியப்பாவுடையது" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் வாங்கினார். சூடு பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு மண்மூட்டையின் மேல் வைத்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

தேநீர்க்கடை முதலாளி இரண்டு பணிஸ் சாப்பிட்டுவிட்டு, இதுதான் பணிஸ் என்றார். வெறுங்கூடையோடு திரும்பி வந்தபோது மண்மூட்டையின் மேல் என் பணிஸ் வைத்தபடியே இருந்தது. ஒரு காகம் பக்கத்தில் வந்து நின்றது. ஆமிக்காரர் மறுபக்கம் திரும்பி ஒரு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயம் இல்லை என்று குறை சொன்னவர், இருக்கிறபோது சாப்பிடவில்லை. எங்கள் வீட்டு ஆட்களைப் போல இவருக்கும் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். காகம் கொத்த முதல் அதை எடுத்து, வீடு போய்ச் சேருமுன் தின்று முடித்தேன். நல்ல உருசியாக இருந்தது.