உப்பு கரையாத மழை

ஆடி மூன்றாம் நாள், காலை ஆறு மணி. மில்லர்புரத்தில் நான் வீட்டைப் பூட்டியபோது தெருவில் தூசி மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது. பையில் இரண்டு கிலோ கல்லுப்பு. வெளியூர் போகும் தூத்துக்குடிக்காரன் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கமாட்டான். காயல்பட்டினம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். அங்கே காசிம் காக்காவும் அவர் மனைவி ஆமினா லாத்தாவும் பெட்டியோடு காத்திருந்தார்கள். அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா.

காக்கா இருபத்தாறு வருடம் சவுதியில் இருந்தவர். மிச்சக் காலத்தை மழைக்குள் கழிப்பது என்று அந்த மணலில் வைத்து முடிவு செய்திருந்தார். கர்நாடகத்து ஆகும்பேயில் ஒன்று, வால்பாறையில் ஒன்று என இரண்டு வாடகை வீடுகள் பேசியாகிவிட்டது. லாத்தாதான் மனசு வைக்கவேண்டும். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். வீடுகளுக்கு இடையே பெண்களுக்கென்றே முடுக்குகள் ஓடும். பெரிய தெருவில் கால் வைக்காமலே பாதி ஊரைப் பார்த்துப் பேசித் திரும்பிவிடலாம். அதை விட்டு லாத்தா எங்கும் தங்கியதில்லை.

"ரெண்டும் பிடிக்கலன்னா நீங்க மட்டும் போய் நனைங்க, நான் வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தார். காக்காவும் பிடிவாதக்காரர், தனியாகவாவது போய்விடுவார். மறுபடி ஒரு பிரிவு.

என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் பார்க்கிற எனக்கு எழுத்துக் கிறுக்கும் உண்டு. "மழையப் பத்தி எழுதுதவம்லா, நீ சொன்னா கேப்பா" என்றார் காக்கா. மழையே பெய்யாத ஊரில் உட்கார்ந்து எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று லாத்தா கேட்டார்.

மறுநாள் பிற்பகல். திருநெல்வேலியில் ஏறிய ரயில் உடுப்பியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பேருந்தில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், மலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் மழை ஏறிக்கொண்டது. மூன்று நாள் இறங்கவில்லை.

அப்படியொரு மழையை நான் கண்டதில்லை. வானத்திலிருந்து பாக்குத் தோப்பு வரை ஒரே துணியாகத் தொங்கியது. காது நிரம்பி, மார்பு நிரம்பி, பேச வாயெடுத்தால் வாய்க்குள்ளும் அதுவே இரைந்தது. என்னை மறந்து நின்றேன். காக்கா அழுதாரோ என்னவோ, முகமெல்லாம் தண்ணீர்.

பிறகு இருவரும் செய்த காரியம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வாளி, குடம், அண்டா என்று கண்ணில் பட்டதையெல்லாம் கூரை விளிம்பில் வரிசையாக வைத்துத் தண்ணீர் பிடித்தோம். குடிதண்ணீர் லாரிக்குக் காத்து வளர்ந்த கைகள். குடை பிடித்து வந்த வீட்டுக்காரர், கூரை ஒழுகுகிறதா என்று கன்னடத்தில் விசாரித்தார். காக்கா அண்டாவை உள்ளே இழுத்தார்.

மூன்றாம் நாள் காலை லாத்தா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார். ஊர்ப் பழக்கத்தில் உப்பை மூடாமல் வைத்திருந்தோம். ஜாடியில் மேலே தண்ணீர், அடியில் சேறு போலக் கொஞ்சம். காக்கா வந்ததும் லாத்தா அவரிடம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தோப்புக்கு அப்பால் அந்த வீடு இருந்த திசைகூட எங்களுக்குத் தெரியவில்லை. பையில் கட்டி வைத்திருந்த இன்னொரு கிலோவோடு கிளம்பினோம்.

ஆடி ஒன்பது, காலை பதினொரு மணி. பொள்ளாச்சியிலிருந்து அறுபத்து நான்கு கிலோமீட்டர், நாற்பது வளைவுகள். வால்பாறை மழைக்கு வேறு குணம். அரை மணி பெய்யும், நிற்கும். மூடுபனி வாசல் வழியே வந்து கட்டிலில் உட்காரும். சட்டென்று வெயில். துணி காய்வதற்குள் அடுத்த தூறல்.

எட்டு வீடுகள் ஒரே வரிசை. பின்கதவுகள் எல்லாம் ஒரே நடைபாதையில், ஒரே இறவாரத்தின் கீழே திறந்தன. வாடகை நாலாயிரம். பெட்டியைப் பிரிப்பதற்குள் உரச்சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஒரு பெண் பின்வாசலில் வந்து நின்றாள். பெயர் மாரியம்மாள், தேயிலை பறிப்பவள். தாத்தா காலத்தில் விளாத்திகுளத்திலிருந்து மலை ஏறிய குடும்பம். லாத்தா ஜாடியில் கொட்டியிருந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"ஏளா, இது நம்ம கடக்கரை உப்புல்லா. இப்படித் தொறந்தா போடுவ? அடுப்புக்கு மேல தூக்கி வையி."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த உப்பை விளைவித்தது ஏதோ நான்தான் என்பதுபோல.

மாரியம்மாளோடு லாத்தா நடைபாதை வழியே போனார், கையில் உப்புப் பொட்டலங்களோடு. ஒன்றரை மணி நேரம். காக்கா பின்கதவுக்கும் முன்கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார். திரும்பி வந்த லாத்தாவின் சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. எட்டு வீட்டுச் சேதியும் தெரிந்திருந்தது.

எந்த மழை என்று கேட்டேன்.

"அந்த ஊரு மழை பெருசுதான், யாரு இல்லன்னா? ஆனா அது மட்டுந்தான் பேசுது, நம்மளப் பேச விடல. இது நின்னு கேட்டுட்டுப் பெய்யுது." காக்காவைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: "ஐப்பசிக்கு நான் எங்க வீட்டுல இருக்கணும். எங்க ஊரு மழைய நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்."

காக்கா அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டார். எனக்கு இன்னமும் ஆகும்பேதான் மழை. ஆனால் குடியிருப்பதென்றால், லாத்தா சொன்ன தீர்ப்பில் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன்.

அவர்களை அங்கேயே விட்டுவிட்டு, முந்நூற்று எண்பது கிலோமீட்டர் தனியே திரும்பினேன். ஊரை நெருங்கும்போது இருபக்கமும் உப்பளம், வெயிலில் வெள்ளை அம்பாரங்கள். மழை இல்லாத ஊர் என்று எங்களுக்காக யாரும் இரங்கவேண்டாம். அந்த மலையில் எட்டு அடுப்புக்கு மேலே எங்கள் வெயில் இருக்கிறது.

பையின் அடியில் ஒட்டியிருந்த ஈர உப்பை மாடியில் தாள் விரித்துப் பரப்பினேன். மதியத்துக்குள் பழையபடி கையில் சரசரத்தது. அள்ளிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. காக்கா.

"நல்ல மழை, தம்பி. ஒத்தையில பாத்துக்கிட்டிருக்கேன்."

லாத்தா எங்கே என்றேன்.

"கடைசி வீட்டுல. கூப்பிட்டா, மழை நிக்கட்டும் வாரேங்கா."

போனில் மழை இரைந்தது. பிறகு அவர், எப்போது நிற்குமாம் என்று என்னிடம் கேட்டார்.