செல்லத்தாயும் ஒழுகும் கிரீஸ் கன்னும்

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் கிணற்று மேட்டிலிருந்து சறுக்கி விழுந்த சிவனாண்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. திருமங்கலத்துக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் டிராக்டர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அடுத்தவர் காட்டுக்கு உழவு ஓட்டித்தான் குடும்பம் நடந்தது. டிரைவர் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரும் நிலைக்கவில்லை. கடைசியில் அவர் மனைவி செல்லத்தாயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வாரம் ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. மாசிக்குள் எல்லாருக்கும் பழகிவிட்டது. கிளட்ச்சும் கலப்பையும் அவள் கைக்கு வந்துவிட்டன. வண்டிக்குக் கிரீஸ் ஏற்றும் குழாயான கிரீஸ் கன் மட்டும் வரவில்லை.

வீட்டில் இருந்த பழைய கன் இரண்டாவது டிரைவரோடு போய்விட்டது. அதனால் திருமங்கலத்தில் புதிதாக ஒன்று வாங்கினாள். காலையில் வண்டியின் மூட்டுகளில் துருத்திக்கொண்டிருக்கும் நிப்பிள் என்ற சின்னக் குமிழ்களுக்கெல்லாம் கிரீஸ் ஏற்றுவாள். கன்னைத் துடைத்து முன்னறைக் கதவு மூலையில் சாத்திவிட்டுக் காட்டுக்குப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அதன் மூக்கிலிருந்து கிரீஸ் வழிந்து தரையில் வடை அளவுக்கு அப்பிக் கிடக்கும். ஒருநாள் பசுமலையில் கல்லூரிக்குப் போகும் மகள் சத்யப்ரியாவின் ரெக்கார்டு நோட்டில் ஏறிவிட்டது. வரைந்த படமெல்லாம் எண்ணெய் ஊறி மஞ்சள் கண்ணாடி மாதிரி ஆகிப்போனது. மகள் இரண்டு நாள் பேசவில்லை.

செல்லத்தாய் கண்டவரிடமெல்லாம் கேட்டாள். கிரீஸ் மட்டம் என்றார் ஒருவர். உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். தலைகீழாக வை என்று லேத் பட்டறை தங்கப்பாண்டி சொன்னான். அப்படி வைத்ததில் முன்பக்கம் வழிந்தது போதாதென்று பின்பக்கமும் வழிந்தது. படுக்கப் போட்டாள், கேரி பையில் சுற்றினாள், தகர டப்பாவுக்குள் நிறுத்தினாள். எதற்கும் அது கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த புருஷனிடம் மட்டும் அவள் கேட்கவில்லை. விழுந்ததிலிருந்து டிராக்டர் பேச்சை எடுத்தாலே அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

பங்குனியில் மதுரைக்கே பஸ் ஏறினாள். வண்டியிலிருந்து கழற்றிய ஒரு நிப்பிளை முந்தானையில் முடிந்து எடுத்துப் போனாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த கிரிதரன் மூன்று கன்களை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எது ஒழுகாதுண்ணே?"

"வைக்கிற மாதிரி வச்சா எதுவும் ஒழுகாதுக்கா" என்றார் அவர். அவள் கொண்டுவந்த நிப்பிளில் ஒவ்வொன்றின் வாயையும் மாட்டிக் காட்டினார். இறுகப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளினார். அதன் மரையைத் திருகிப் பார்க்கச் சொன்னார். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை விரலால் தடவச் சொன்னார்.

"பின்னாடி கம்பி இருக்குல்ல? குழாய்க்குள்ள அதோட சேர்ந்து ஸ்பிரிங். வேலை முடிஞ்சதும் கம்பிய இழுத்து இந்தப் பள்ளத்துல, இந்தக் காடியில மாட்டிருங்க. மாட்டலைன்னா ஸ்பிரிங் நாளெல்லாம் அழுத்திக்கிட்டே இருக்கும். வழியாம என்ன செய்யும்?"

செல்லத்தாய்க்கு அப்பாடா என்றிருந்தது. அந்தக் கன்னையே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள். மறுநாள் வேலை முடிந்ததும் கம்பியை இழுத்தாள், காடியில் மாட்டினாள், இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்தால் கம்பி உள்ளே போயிருந்தது. தரையில் கிரீஸ்.

மாட்டியது நிஜமா, மாட்டியதாக நினைத்துக்கொண்டதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அடுத்த நாள் மகளைச் சாட்சி வைத்து மாட்டினாள். அன்றைக்கும் அப்படியே. காடி வழுக்குகிறது போல என்று தங்கப்பாண்டியிடம் கொண்டுபோனாள். அவன் உலுக்கிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். கம்பி அசையவில்லை. "நல்லாத்தானக்கா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தான். ஒருவேளை காத்துக் கருப்பா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாலைந்து நாள் கழித்துக் கோடை மழை கொட்டி உழவு பாதியில் நின்றது. மத்தியானமே வீடு திரும்பினாள். முன்னறையில் சிவனாண்டி கட்டிலை விட்டு இறங்கி, சுவரில் சாய்ந்தபடி நின்றார். கையில் கிரீஸ் கன். கம்பியைக் காடியிலிருந்து விடுவித்து மெல்ல உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க! என்ன செய்றீங்க?"

அவர் திடுக்கிட்டார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. "என்ன பொருளு வாங்கிட்டு வந்துருக்க? தினமும் கம்பிய வெளிய நீட்டியே வச்சிட்டுப் போற. கதவு இடிச்சா வளைஞ்சு போகும்ல? நானும் தினமும் உள்ள தள்ளி வைக்கிறேன். அப்பிடியும் எம்புட்டு ஒழுகுது பாரு!"

"உள்ள தள்ளுறதுனாலதாங்க ஒழுகுது!"

"பழசு அப்பிடி ஒழுகலையே?"

அவரிடம் இருந்தது திருகித் தள்ளுகிற பழைய வகை. அதில் ஸ்பிரிங்கே கிடையாது. கிரிதரன் சொன்னதை அவள் முழுதாகச் சொல்லி முடித்தாள். அவர் கன்னை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கம்பியை இழுத்தார், மாட்டினார், விட்டார், மறுபடி மாட்டினார்.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

"நீங்க என்னைக்கு முகங்கொடுத்துப் பேசுனீங்க?"

அவர் துண்டை எடுத்துக் கன்னின் மூக்கைத் துடைத்தார். பிறகு அவர் கேட்டார்: "முன்னாடி அச்சுக்கு அடியில நடுவுல ஒரு நிப்பிள் இருக்கே, அதுக்கு ஏத்துறியா?"

அப்படி ஒன்று இருப்பதே செல்லத்தாய்க்குத் தெரியாது. இத்தனை மாதமும் அது காய்ந்தபடி ஓடியிருக்கிறது. மழை விட்டதும் ஒரு கம்பை ஊன்றி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் வாசலுக்கு வந்தார். குனிய முடியாது. நின்றபடியே கம்பால் சுட்டிக் காட்டினார். அவள் மண்ணைச் சுரண்டி அந்த நிப்பிளைக் கண்டுபிடித்தாள்.

அன்று முதல் கன் அவர் பொறுப்பானது. கிரீஸ் அடைப்பது, காற்றை வெளியேற்றுவது, வாயைத் துடைத்துக் கம்பியை மாட்டுவது எல்லாம் கட்டிலில் உட்கார்ந்தபடி அவரே செய்தார். வெயில் படாத உள்சுவரில் ஆணி அடித்து மூக்கு மேலே இருக்கும்படி தொங்கவிட்டார். தரை சுத்தமானது.

சித்திரை வெயிலில் மட்டும் ஒருநாள் அதன் அடியில் சொட்டு எண்ணெய் நின்றது. கிரீஸ் இல்லை, வெறும் எண்ணெய். கம்பி மாட்டியபடியே இருந்தது.

"நீங்க தொட்டீங்களா?"

"நான் தொடல. நீ?"

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூட்டில் கிரீஸிலிருந்து எண்ணெய் தானாகப் பிரிந்து இறங்கும் என்பது இருவருக்கும் தெரியாது. அவர் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து அடியில் வைத்தார். செல்லத்தாய்க்கு விளாம்பட்டிக் காட்டில் உழவு இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு, "வாரேன்" என்று கிளம்பினாள்.